லட்டு கவ்விக்கொண்டு வந்தது

ரங்கசாமி ஓடி நிவேதா பார்த்ததே இல்லை. போன வருஷம் கரடி வந்துவிட்டது என்று ஊரே அலறியபோதுகூட அவளுடைய மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாகத்தான் நடந்து போனார். அந்த மனிதர் இன்று காலை சாமைக் கொல்லையிலிருந்து மேட்டில் ஏறி ஓடி வந்துகொண்டிருந்தார். துண்டு தோளிலிருந்து நழுவி ஒரு கையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த நிவேதா வாளியைக் கீழே வைத்தாள்.

"நாய் எங்கமா?"

"எந்த நாய் மாமா?"

"அதான், அந்தக் கார்க்காரன் நாய். எங்க கீது?"

"இங்கதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பாப்பாவும் அத்தையும் ஓடைக்குத் துணி தொவைக்கப் போனாங்க. பின்னாடியே போயிருக்கும். ஏன் மாமா?"

ரங்கசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தாடை நடுங்குவதை நிவேதா பார்த்தாள். நெஞ்சுவலியோ என்று பயந்து அருகில் போனாள்.

"மாமா, உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுமா?"

"தண்ணி வாணாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பன்னிக்கு அவுட்டுக்காய் வச்சிருந்தேன். கொல்லை ஓரத்துல. காலைல எடுக்கப் போனா மூணுதான் கீது. ஒண்ணக் காணோம்."

நிவேதா ஆலங்காயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவுட்டுக்காயைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மலையடிவாரத்தில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். வெடிமருந்தை உருட்டிக் கட்டி, மேலே கொழுப்பைப் பூசி, காட்டுப்பன்றி வரும் வழியில் வைப்பார்கள். பன்றி கடித்தால் வாய் சிதறிப் போகும். ஒருமுறை வாணியம்பாடிப் பக்கம் ஒரு பசு அதைக் கடித்துவிட்டு, கீழ்த்தாடை இல்லாமல் நின்றதாகப் பள்ளியில் தோழி சொன்னது இரண்டு நாள் அவளைச் சாப்பிட விடவில்லை.

"பன்னி எடுத்திருக்குமா மாமா?" என்றாள்.

"பன்னி எடுத்தா அங்கியே வெடிச்சிருக்கும். சத்தம் இல்ல. ரத்தம் இல்ல. பனி ஈரத்துல நாய்க் காலு பதிஞ்சு கீது. நம்ம நாய் வீரனோடது இல்ல, அகலக் காலு." அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "அது தின்னாதும்மா. கவ்விக்கினு வரும். எதக் கண்டாலும் கவ்விக்கினு வந்து பாப்பா கையிலதானே குடுக்கும்!"

அப்போதுதான் நிவேதாவுக்கு முழுவதும் புரிந்தது.

நாலு மாதத்துக்கு முன்பு, மழை ஆரம்பித்த சமயத்தில், அருவி பார்க்க வந்த ஒரு கார் மலை ரோட்டுத் திருப்பத்தில் நின்று, இரண்டு நாய்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டும் கழுத்துப்பட்டையோடு அதே திருப்பத்தில் மழையில் நனைந்தபடி கிடந்தன. போகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓடின. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. வெள்ளை நாயைச் சுகாதார நிலையத்து நர்ஸ் வசந்தி எடுத்துக்கொண்டாள். மஞ்சள் நிறத்தில் இருந்த பெரியதை, நிவேதாவின் கணவன் பிரகாஷ் லோடு ஆட்டோவில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தான்.

"எனக்கு நாய்ன்னா பயம்னு தெரியும்ல?" என்று நிவேதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"நான் லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போற நேரத்துல காவலுக்கு ஆள் வேணாமா? என்ன மாதிரியே மூஞ்சி, பாரு," என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நாய் உள்ளே வந்துவிட்டது. மூன்று வயது மகள் தர்ஷினி அதற்கு லட்டு என்று பேர் வைத்தாள்.

ரங்கசாமிக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பன்னியப் பாத்தா வால ஆட்டும் இது. இதுக்கு எவன் களி கிண்டறது?" என்று கண்ட இடத்திலெல்லாம் தடியை ஓங்குவார். அவர் குரல் கேட்டாலே லட்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மலையில் நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குட்டியாக இருக்கும்போதே, நிலத்தில் கிடப்பதை வாயில் வைத்தால் தலையில் தட்டித் தட்டிப் பழக்குவார்கள். வீட்டுக்காரர் தட்டில் போட்டால் மட்டுமே தின்ன வேண்டும். கொல்லையில் ஆட்டுத் தலையே கிடந்தாலும் மலைநாய் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் இங்கே சிலர் இருட்டும் நேரத்தில் அவுட்டுக்காய் வைத்து, விடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். ரங்கசாமியும் தான் அப்படிப் பழக்கிய வீரனை நம்பித்தான் வைத்தார். லட்டு அவர் கணக்கில் ஒரு நாயாகவே இருந்ததில்லை. அதனால் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

ஆனால் லட்டுவுக்கு யாரோ வேறு பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். எது கிடைத்தாலும் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்க வேண்டும்; கொடுத்ததைத் தூக்கி எறிந்தால் ஓடிப்போய் மறுபடி எடுத்து வர வேண்டும். கொட்டாங்குச்சி, ஒற்றைச் செருப்பு, பழைய பந்து எல்லாம் தர்ஷினியின் மடியில் வந்து சேரும். தின்பண்டமாக இருந்தாலும் அவள் "இந்தா" என்று திருப்பிக் கொடுத்தால்தான் தின்னும்.

நிவேதா ஓடத் தொடங்கியிருந்தாள்.

ஓடைக்குப் போகும் பாதை புதர்களுக்கு நடுவே சரிந்து இறங்கும். பனியில் நனைந்த கல் வழுக்கியது. பின்னால் ரங்கசாமி மூச்சிரைக்க வந்தார். அவர் கையில் தடியும், வழியில் பொறுக்கிய ஒரு கல்லும் இருந்தன.

"கத்தாதம்மா. கத்தினா அது இன்னும் வேகமா ஓடும்," என்றார். "நான் முன்னாடி போறேன். தூரத்துலயே பாத்துட்டன்னா கல்லால அடிச்சுடுறேன்."

"அடிச்சா கடிச்சுடுமே மாமா!"

"கடிக்கட்டும். பாப்பா தூரமா இருக்கணும். அவ்ளோதான்."

நிவேதா ஒரு கணம் நின்றாள். இரவில் அவளுடைய பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்கும் அந்தச் சூடு ஞாபகம் வந்தது. பிரகாஷ் வராத நாட்களில் அந்தச் சூடு இருந்ததால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

"அடிங்க மாமா," என்றாள். "தூரமா இருந்தா அடிங்க."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

நிவேதா அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ரங்கசாமியும் அசையாமல் நின்றார். மரத்திலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று பறந்து போனது.

டப். டப்.

"துணி," என்றார் ரங்கசாமி. "உங்க அத்த துணி அடிக்கிறா. எழுந்துருமா. எழுந்துரு கண்ணு."

அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது காதில் ஏறவே இல்லை. எழுந்து ஓடினாள்.

புதர் விலகி ஓடை தெரிந்தது. மாமியார் மணியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையில் போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, மணல் திட்டில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். மேல்சட்டை இல்லை; அரைஞாண் கயிறும் ஜட்டியும்தான். எதிரே லட்டு நின்றுகொண்டிருந்தது.

அதன் வாய் மூடாமல் இருந்தது. உள்ளே எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாக, அழுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வால் இப்படியும் அப்படியும் ஆடியது.

"குடு லட்டு," என்றாள் தர்ஷினி, இரண்டு கைகளையும் குவித்து நீட்டி. "என்கிட்ட குடு."

ரங்கசாமியின் கை கல்லோடு உயர்ந்தது. நிவேதா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். குழந்தைக்கும் நாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"வாணாம் மாமா. அசையாதீங்க."

அவள் நடந்தாள். ஓடினால் விளையாட்டு என்று நினைத்து அது துள்ளும். தினமும் அப்படித்தான் துள்ளும். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள், உதடுகள் ஒத்துழைக்கவில்லை.

"தர்ஷிக் கண்ணு... கைய மடியில வச்சுக்கோ. அம்மா வர்றேன்."

"லட்டு முட்டாய் எடுத்தாந்திருக்குமா!"

"ஆமாண்டி தங்கம். அது அம்மாவுக்காம். கைய மடியில வை."

"எனக்கு!" தர்ஷினி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் கைகள் மடிக்குப் போயின. வாங்கும் கை மறைந்ததும் லட்டு குழம்பிப் போய்த் தலையைச் சாய்த்தது. ஒரு எட்டு முன்னால் வைத்து, மூக்கைக் குழந்தையின் முட்டியில் தேய்த்தது. அந்த உருண்டை அவளுடைய தோலில் பட்டு, ஈரமாக ஒரு கோடு போட்டது.

நிவேதா மணலில் மண்டியிட்டாள். நாய் வாயிலிருந்து எதையும் அவள் வாங்கியதே இல்லை. அந்த எச்சில் அவளுக்கு அருவருப்பு. பிரகாஷ் அதற்காகவே கேலி செய்வான். இப்போது வலது கையை விரித்து அதன் தாடைக்குக் கீழே பிடித்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"லட்டு. குடு. அம்மாகிட்ட குடு சாமி."

அது அவளைப் பார்த்தது. தேன் நிறக் கண்கள். எப்போதும் ஒதுங்கிப் போகிறவள் இன்றைக்கு வந்து கேட்கிறாள் என்று அதற்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். தர்ஷினியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடி இவளை.

போர்வை பாறையில் விழுந்தது. டப். லட்டுவின் காது விறைத்தது. தாடை ஒரு நூல் இறுகியதை நிவேதா கண்ணால் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடா. ஒண்ணும் இல்ல. குடு."

வெதுவெதுப்பாக, கனமாக, அது அவள் உள்ளங்கையில் இறங்கியது.

கொழுப்பு நாற்றம் குப்பென்று அடித்தது. மேலே பல் பதிந்த தடம் லேசாக இருந்தது; எறும்பு ஒன்று அதைச் சுற்றி ஓடியது. லட்டு இரண்டு எட்டு பின்னால் போய், முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எறி என்று அர்த்தம்.

"எறிமா!" தர்ஷினி கைதட்டினாள். "தூரமா எறி!"

நாய் குரைத்தது. எறியவில்லை என்றதும் எகிறி அவளுடைய கையை மூக்கால் இடித்தது. அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். மறுபடி எகிறியது. அதன் நகம் தோளில் கீறியது. கீழே வைத்தால் கவ்விக்கொள்ளும். எறிந்தால் வெடிக்கும். வைத்துக்கொண்டே நிற்கவும் முடியாது, குழந்தை எழுந்து நின்று, "நான் எறியறேன், நான்!" என்று அவளுடைய புடவையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தாள்.

குரைப்பு கேட்டு மணியம்மாள் திரும்பினாள். "இன்னாடி இது காலங்காத்தால..." என்று ஆரம்பித்தவள், மருமகளின் முகத்தையும் கணவனின் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த போர்வை தண்ணீரோடு போயிற்று.

"லட்டு!"

கரகரத்த அந்தக் குரல் ரங்கசாமியுடையது. நாய் அந்தக் குரலுக்கு எப்போதும் செய்வதையே செய்தது. வால் ஒடுங்கியது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு தர்ஷினியின் பின்னால் ஒளிந்தது.

ரங்கசாமி தன் கையிலிருந்த தடியைப் பார்த்தார். அதைச் சத்தம் வராமல் மணலில் வைத்தார். கல்லையும் வைத்தார். பிறகு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாயின் உயரத்துக்கு அவர் முகம் வந்தது.

"லட்டு, இங்க பாரு. அடிக்கல. பாரு, கையில ஒண்ணும் இல்ல." காலிலிருந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஆட்டினார். "இந்தா. இன்னா இது? செருப்பு. புடிக்குமா? போ, எடுத்தா!"

செருப்பு ஓடைக்கு எதிர்த்திசையில், மேட்டை நோக்கிப் பறந்தது.

லட்டு அசையவில்லை. செருப்பு போன திசையைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. நிவேதாவின் தூக்கிய கையைப் பார்த்தது. நிவேதாவுக்குக் கையில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது.

"போடா ராசா," என்றார் ரங்கசாமி. "என் சாமி இல்ல. போ."

அது போயிற்று. முதலில் தயங்கி, பிறகு நான்கு கால் பாய்ச்சலில்.

மணியம்மாள் எப்படி அந்தப் பாறைகளைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பேத்தியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழும் வாயைத் தோளில் அழுத்திக்கொண்டு புதருக்கு அப்பால் போய்விட்டாள். லட்டு செருப்போடு திரும்பியது. ரங்கசாமியிடமிருந்து கொஞ்ச தூரத்தில் நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, செருப்பை அவர் கைக்கு எதிரே காட்டியது. அவர் செருப்பை வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நாய் நடுங்கியது. அவரும் நடுங்கினார்.

"புடிச்சிட்டேன். நீ நட," என்றார். "பாறை மேல வைக்காத. அந்தப் பக்கம் மணல்ல குழியா கீது பாரு. மெதுவா வை. வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வா."

நிவேதா நடந்தாள். கை தன் உடம்பில் ஒட்டாத வேறு ஏதோ போல முன்னால் போனது. குழிக்குள் அதை இறக்கும்போது, மணல் சரிந்து அது ஒரு சுற்று உருண்டது. கண்களை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்து, ஓடையில் கையை முக்கி, மணலைப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாற்றம் போகவில்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

புதருக்குப் பின்னாலிருந்து மணியம்மாளின் குரல் கிளம்பியது. "பன்னிக்கு வச்சியா, பேத்திக்கு வச்சியா? உன் சாமைல நெருப்பு வைக்க! வூட்டுல புள்ள கீதுன்னு தெரியாது? கொள்ளி வச்சிட்டு வந்து கும்பிட்டு உக்காந்துகினு இருக்குது பாரு!"

ரங்கசாமி நாயை விடவில்லை.

நிவேதா அவர் எதிரே வந்து நின்றாள். "மாமா, மிச்ச மூணு எங்க?"

"கொல்லையில. கூடையில போட்டு மரத்துல மாட்டிட்டு வந்தேன்."

"பகல்ல எப்பவும் எங்க வைப்பீங்க?"

அவர் நாயின் காதைத் தடவினார். "பரண்ல," என்றார்.

பரணுக்குக் கீழேதான் தர்ஷினியின் தூளி தொங்குகிறது. பிரகாஷ் ஊருக்கு வரும் இரவுகளில் மூன்று பேரும் அங்கேதான் படுப்பார்கள். நிவேதாவுக்குக் கோபம் வரவில்லை. குளிர்தான் அடித்தது. பல் கிட்டிக்கொண்டு பேசினாள்.

"மாமா, நான் உங்கள எதுத்துப் பேசினதில்ல. இப்போ பேசறேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லி இத எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இல்லன்னா நானும் பாப்பாவும் ஆலங்காயம் பஸ்ஸுல ஏறிடுவோம். அவர் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொன்னா என்ன உள்ள வைப்பாங்கமா."

"தெரியும் மாமா."

"பெரிய கேசு."

"தெரியும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஜெயில்ல இருந்தா நான் சோறு கொண்டாருவேன். பாப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன கொண்டார முடியும்?"

புதருக்குப் பின்னால் மணியம்மாளின் வசவு நின்றுவிட்டது.

ரங்கசாமி எழுந்தார். "கொல்லைக்கு யாரும் போவ வாணாம். நீ வூட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கோ. உங்க அத்த இங்க தள்ளி நின்னு மாடு கீடு வராம பாத்துக்கட்டும். நான் ஃபாரஸ்ட் ஆபீஸ் போய்ட்டு வர்றேன்."

"லட்டு?"

அவர் குனிந்து பார்த்தார். அது குழி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "இது இங்க இருந்தா மறுபடியும் போயி எடுத்துக்கினு வரும். உன்னால புடிச்சு நிறுத்த முடியாது. என் கூடவே வரட்டும்."

தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்துப்பட்டையில் கோத்து முடிச்சுப் போட்டார். மேட்டில் ஏறி வண்டிப்பாதை வரைக்கும் லட்டு வந்தது. தார் ரோட்டைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டது. வயிறு தரையில் படப் படுத்து, நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டது. ரங்கசாமி இழுத்தார். அது முனகியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது.

பின்னால் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்த நிவேதா, அவர் எங்கே அடித்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் இழுப்பதை நிறுத்தினார். துண்டின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு ரோட்டோரத்தில், அதன் பக்கத்திலேயே குந்தினார்.

"வுட்டுட்டு வரமாட்டேன்டா," என்றார். "கூட இட்டுக்கினு போயி, கூடவே இட்டுக்கினு வந்துடுவேன். என்ன அங்கியே வச்சிக்கினாங்கன்னா பிரகாசு வந்து உன்ன இட்டுக்கினு வருவான்." ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் கீது. எழுந்துரு, போவலாம்."

லட்டு அவர் கையை முகர்ந்தது. முகர்ந்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு அது எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ரோட்டின் ஓரமாக, துண்டு தொய்வாகத் தொங்க, இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினார்கள்.